காவலர்களுக்கான இனவெறி எதிர்ப்புப் பயிற்சி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இரண்டு நாள் இருந்து பார்த்தது

எங்கள் வட்டாரச் சமூகக் காவல் மன்றத்தின் ஏற்பாட்டில், உள்ளூர்க் காவலர்களுக்காகத் தனியார் பயிற்சிக் குழு ஒன்று நடத்திய இரண்டு நாள் வகுப்பில், கோயில் நிர்வாகத்தின் சார்பில் நானும் அமர்ந்திருந்தேன். இந்தப் பயிற்சியை மற்ற வட்டாரங்களும் கேட்டுப் பெறலாம் என்பதே என் கருத்து. ஆனால் கொடுத்தபடியே வாங்கிக்கொள்ளாமல், சில மாற்றங்களை வற்புறுத்திக் கேட்க வேண்டும்.

முதல் நாள் காலை ஏமாற்றமாகவே கழிந்தது. 'இந்தியர்' என்ற ஒரே தலைப்பின்கீழ் தீபாவளி, சேலை, கறி, சாமி படம் என்று காட்டிவிட்டு அடுத்த சமூகத்துக்குப் போய்விட்டார்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்த 'ட்ரூரோ' கப்பலில் தொடங்கி 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளராக இங்கு வந்த ஏறத்தாழ 1,52,000 பேரில் தமிழர், தெலுங்கர், போஜ்பூரி பேசியோர் எனப் பலர் இருந்தனர் என்பதும், இந்துக்களோடு முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் வந்தனர் என்பதும் அங்கே சொல்லப்படவேயில்லை. திருவிழாப் பட்டியலில் தைப்பூசமும் இல்லை. சாலையை மறித்துப் போக்குவரத்தைத் திருப்பிவிட வேண்டிய காவலருக்கு அதைவிடத் தேவையான நாள் வேறு எது?

மதியத்துக்குப் பிறகு, தாளை மூடிவிட்டுக் காவலர்களையே கேள்வி கேட்கச் சொன்னபோதுதான் வகுப்பு உயிர்பெற்றது. காவடி ஊர்வலத்தில் அருள் வந்து ஆடுகிறவரைப் போதையில் இருப்பவரிடமிருந்து எப்படி வேறுபடுத்துவது என்று ஓர் இளம் ஜூலு காவலர் தயக்கத்தோடு கேட்டார். அலகு குத்தியிருப்பவரைத் தொட்டு நிறுத்தினால் காயம் பெரிதாகும் என்பதையும், அவருடன் எப்போதும் உறவினரோ பூசாரியோ நடந்து வருவார், முதலில் அவரிடம்தான் பேச வேண்டும் என்பதையும் நான் விளக்கினேன். தம் ஊரில் சங்கோமாவுக்கு, அதாவது குறிசொல்லி வைத்தியம் பார்ப்பவருக்கு, முன்னோர் இறங்கும்போதும் இதே முறைதான் என்று அவர் சொன்னார். அந்த ஒரு நிமிடத்தில் நடந்ததைக் காலையின் மூன்று மணி நேரம் தரவில்லை.

லாக்கப்பில் அடைக்கும்போது பெண்ணின் தாலியைக் கழற்றச் சொல்வது பற்றியும் நீண்ட பேச்சு நடந்தது. பெண்ணைப் பெண்ணே சோதனையிட வேண்டும் என்று 1977-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்வதைப் பயிற்சியாளர் தெளிவாக எடுத்துரைத்தார். டர்பன் பள்ளி மாணவி ஒருவரின் மூக்குத்தியை ஏற்க மறுத்தது நியாயமற்ற பாகுபாடு என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2007-இல் தீர்ப்பளித்ததை அவர் எடுத்துக்காட்டியது எனக்கு நிறைவளித்தது; அது தமிழ்ப் பெண்களின் வழக்கத்தைப் பற்றிய வழக்கு.

இரண்டாம் நாள் வசைச்சொற்களைப் பற்றியது. 'கூலி' என்பது நம் மொழியில் உழைப்பின் ஊதியம். இந்த நாட்டிலோ அதே சொல்லால் நம் பாட்டன்மாரைத் தலைமுறை தலைமுறையாகச் சிறுமைப்படுத்தினார்கள். அதைச் சொல்லி முடித்த கையோடு, நம் வீடுகளில் கறுப்பின மக்களைக் குறிக்கப் புழங்கும் சொற்களையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் தமக்கு உதவ வந்த கறுப்பினக் காவலரை 48 முறை இழிசொல்லால் ஏசிய பெண்ணுக்கு 2018-இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதும் பேசப்பட்டது. இனவெறியால் காவலர்களும் காயப்படுகிறார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டது முக்கியம்.

ஆயினும் இந்தியர் பெரும்பான்மையாக வாழும் டர்பன் புறநகரான ஃபீனிக்ஸ் பற்றிய பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. 2021 ஜூலைக் கலவரத்தின்போது அங்கு 30-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். தெருமுனைகளில் இந்தியர்கள் தடுப்பு அமைத்து, நிறத்தைப் பார்த்து ஆட்களை நிறுத்தியபோது காவல்துறை எங்கே இருந்தது என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு, இந்த மண்ணில் காவலர்களுக்கு இனவெறி எதிர்ப்புப் பயிற்சி நடத்த முடியாது. பயிற்சியாளர் அதைத் தொடத் தயங்கினார். நம்மவர்கள் சங்கடப்படுவார்களே என்றுதான் தயங்கினார் என்றால், அந்தச் சங்கடத்தை நாம் ஏற்றே ஆக வேண்டும்.

மற்றொரு குறை, நிலையத்தின் மேலதிகாரிகளில் ஒருவர்கூட வகுப்பில் உட்காரவில்லை. நியூயார்க் காவல்துறையில் 2018-இல் தொடங்கி ஆயிரக்கணக்கானோருக்கு உள்மனச் சாய்வு, அதாவது தாமே அறியாமல் மனத்தில் பதிந்திருக்கும் பாகுபாடு, பற்றிய பயிற்சி அளித்த பிறகு ஆய்வு செய்தபோது, காவலர்களின் அறிவு கூடியது, ஆனால் அவர்கள் யாரை நிறுத்துகிறார்கள், யாரைக் கைது செய்கிறார்கள் என்பதில் பயிற்சியால் விளைந்த மாற்றத்தைக் காண முடியவில்லை. வகுப்பில் கற்றதை ரோந்துக்கு அனுப்புகிறவர் கேட்காவிட்டால், கண்காணிக்காவிட்டால் அது வகுப்போடு நின்றுவிடும்.

எனவே இந்தப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்கிறவர்கள், நிலையத் தலைவர் இரண்டு நாளும் இருப்பார் என்பதையும், ஆறு மாதம் கழித்துப் பயிற்சிக் குழு திரும்பி வந்து புகார்ப் பதிவேட்டைக் காவலர்களோடு சேர்ந்து படிக்கும் என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நேரம் போதாவிட்டால் உணவும் உடையும் காட்டும் காலைப் பகுதியை விட்டுவிடலாம். அந்த மூன்று மணி நேரத்தை ஃபீனிக்ஸுக்குக் கேளுங்கள்.