கோத்தகிரிப் பள்ளிக்கு வந்த பன்னாட்டுப் பரிமாற்றத் திட்டம்: ஒரு பெற்றோரின் மதிப்புரை

மலையில் பன்னாட்டுக் கல்வி புதிதன்று. கொடைக்கானலில் 1901-இல் மிஷனரிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட பள்ளி, 1976-இல் இந்தியாவிலேயே முதலாவதாக ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) என்ற பன்னாட்டுப் பாடத்திட்டத்தை ஏற்றது, உதகையிலும் பல நாட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதிப் பள்ளி நெடுங்காலமாக இருக்கிறது. ஆனால் அந்த வளாகங்களைப் பேருந்து சன்னல் வழியாகப் பார்த்தபடி தங்கள் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு வெளிநாட்டு வகுப்பறை ஒன்றோடு பழகும் வாய்ப்பு அநேகமாகக் கிடைப்பதில்லை. கோத்தகிரிக்கு அருகில் என் மகள் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளிக்கு அந்த வாய்ப்பு சென்ற கல்வியாண்டில் வாய்த்தது. தனியார் நிறுவனம் ஒன்று இங்கிலாந்துத் தொடக்கப்பள்ளி ஒன்றுடன் எங்கள் பள்ளியை இணைத்துக் கொடுத்தது. பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினராக அதைத் தொடக்கம் முதல் அருகிருந்து கவனித்தவன் என்ற முறையில், இத்தகைய சேவையில் சேர எண்ணும் மற்றப் பள்ளிகளுக்காக இதை எழுதுகிறேன்.

பரிமாற்றம் என்றதும் பெற்றோர் பலருக்கும் விமானப் பயணம்தான் நினைவுக்கு வருகிறது. 1947 முதல் பள்ளி மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்பிவரும் ஏ.எஃப்.எஸ். போன்ற அமைப்புகள் செய்வது அரும்பணியே. அயல்நாட்டுக் குடும்பம் ஒன்றில் பிள்ளையாகத் தங்கிப் படிக்கும் அனுபவத்துக்கு ஈடு கிடையாது. எனினும் அது ஒரு பள்ளியில் ஓரிருவருக்கே கிடைப்பது. நாங்கள் சேர்ந்த திட்டத்தில் எந்தப் பிள்ளையும் எங்கும் போகவில்லை, வகுப்பு முழுவதும் பங்கேற்றது. கட்டணமும் தலைக்கு இவ்வளவு என்றில்லாமல் வகுப்புக்கு மொத்தமாகவே வாங்கப்பட்டது. 1988 முதல் பல நாட்டுப் பள்ளிகளை இணைத்துவரும் ஐ-எர்ன் அமைப்பின் புகழ்பெற்ற கரடி பொம்மைத் திட்டத்தை ஒட்டியது இதன் அமைப்பு. இரு வகுப்புகளும் ஆளுக்கொரு பொம்மையை அஞ்சலில் அனுப்புகின்றன. வந்து சேர்ந்த பொம்மையைப் பிள்ளைகள் முறைவைத்து வீட்டுக்கு எடுத்துச் சென்று, அந்தப் பொம்மையே எழுதுவதுபோல அன்றன்றைய நிகழ்வுகளை ஒரு குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். இங்கிருந்து கம்பளித் துணியில் தைத்த வரையாடு போனது. அங்கிருந்து பழுப்பு நிறக் கரடி வந்தது.

இத்திட்டத்தின் உண்மையான பயன் வெளிநாட்டைப் பற்றிய அறிவில் இல்லை, பக்கத்து இருக்கையில் இருந்தது. எங்கள் பகுதித் தேயிலைத் தோட்டங்களுக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வேலைக்கு வருகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் கல்வியாண்டின் இடையில், சில வேளை ஒரு வார்த்தை தமிழ் தெரியாமல், வகுப்பில் வந்து அமர்கிறார்கள். அவர்களை யாரும் விரட்டுவதில்லை. ஆனால் யாரும் கூப்பிடுவதும் இல்லை. இது ஆசிரியர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். என்ன செய்வதென்றுதான் தெரியாமல் இருந்தது.

அப்படி வந்த சிறுமி ஒருத்தியின் முறை வந்து, அவள் கரடியைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டுக்கு எடுத்துச் சென்றாள். திங்கட்கிழமை குறிப்பேட்டில் ஒரு பக்கம் இந்தியில் இருந்தது. பள்ளியில் தண்ணீர்க் குழாய் எங்கே என்று யாரைக் கேட்பதென்று கரடிக்குத் தெரியவில்லை, ஆகவே வீட்டுக்கு வரும்வரை தாகத்தை அடக்கிக்கொண்டது என்று அவள் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் கரடியைப் பென்சிலால் வரைந்திருந்தாள். வகுப்பாசிரியை அந்தப் பக்கத்தைத் திருத்தவில்லை. இந்தி தெரிந்த ஒருவரைக் கொண்டு தமிழில் சொல்லவைத்து, வகுப்பில் படித்துக் காட்டினார். அது யாருடைய தாகம் என்பது பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிட்டது என்று என் மகள் சொன்னாள். தன்னைப் பற்றி ஒருநாளும் வாய்திறந்திராத அந்தக் குழந்தைக்கு, பொம்மையின் பெயரால் பேச ஓர் இடம் கிடைத்தது. இந்த ஒரு பக்கத்துக்காகவே கட்டிய கட்டணம் தகும் என்று கருதுகிறேன்.

அதன்பின் நடந்ததில் எங்களோடு இணைந்த இங்கிலாந்துப் பள்ளிக்கும் பங்கு உண்டு. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் கவுண்டியில் உருவாகிப் பிற பகுதிகளுக்கும் பரவிய ‘இளம் மொழிபெயர்ப்பாளர்’ என்ற ஏற்பாடு அந்தப் பள்ளியில் நடைமுறையில் இருக்கிறது. ஆங்கிலம் தெரியாமல் புதிதாக வரும் பிள்ளைக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்டவும், விளையாட்டில் சேர்த்துக்கொள்ளவும், படத்தாலும் சைகையாலும் விளங்கவைக்கவும் சில மாணவர்களுக்கு அதில் பயிற்சி தரப்படுகிறது. புதிய பிள்ளையின் மொழி அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. காணொளிச் சந்திப்பில் அந்தப் பிள்ளைகள் இதை விவரித்தபோது, எங்கள் பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி மொழி தெரியாமல் எப்படி முடியும் என்பதுதான். ஒரு சிறுவன் எழுந்து, சாப்பிடும் இடத்தையும் கழிப்பறையையும் கைச்சாடையாலேயே காட்டிச் சிரிக்கவைத்தான். அடுத்த வாரமே எங்கள் வகுப்பில் புதிதாக வருபவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு துணைவர்கள் என்ற வழக்கம் தொடங்கியது. மதியச் சத்துணவு வரிசையில் புதியவர் தனியாக நிற்காமல் பார்த்துக்கொள்வது அவர்களுடைய முதல் வேலை.

இன்னொரு பணியும் குறிப்பிடத்தக்கது: புதிய ஊருக்கு வந்த முதல் நாளைப் பற்றி வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் கேட்டு எழுத வேண்டும். எங்கள் பக்கத்தில் பல வீடுகளின் பாட்டி தாத்தாக்கள், 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து இங்கு வந்தவர்கள்; அவர்களுக்கு வேலை தருவதற்காகவே தமிழக அரசின் தேயிலை நிறுவனமான டான்டீயின் தோட்டங்கள் விரிவடைந்தன. தமிழ் பேசிக்கொண்டு வந்தும் தங்களைச் ‘சிலோன்காரர்’ என்று ஒதுக்கி வைத்ததை அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகள், அதை அப்படியே எழுதி வந்தார்கள். வீட்டில் படுகு பேசி, பள்ளிக்கு வந்தபின் தமிழ் கற்ற படுகர் பிள்ளைகளுக்கும் சொல்ல ஏராளமாக இருந்தது. நிறுவனத்தினர் எங்கள் ஊரை மனத்தில் வைத்து இந்தப் பணியை வகுத்திருக்க வழியில்லை; ஆயினும் இதைவிடப் பொருத்தமான பணி எங்களுக்கு அமைந்திருக்காது.

குறைகளையும் சொல்ல வேண்டும். காணொளிச் சந்திப்புகளின் நேரத்தை நிறுவனமே முடிவு செய்தது. குளிர்காலத்தில் அங்கே காலை 9 மணி என்றால் இங்கே பிற்பகல் 2.30, ஆகவே நேரத்தில் சிக்கல் இல்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழை கொட்டும் நவம்பரில் வைத்ததால், மின்சாரமும் இணையமும் மாறி மாறிப் போயின. அஞ்சலில் வந்த பொதி சுங்கத்தில் பல நாள் தங்கியது. அதைப் பற்றிக் கேட்டு எழுதிய மின்னஞ்சல்களுக்கு நிறுவனம் உருப்படியாகப் பதில் தரவில்லை. ஆசிரியர் கையேடு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது சம்மதப் படிவம். பிள்ளைகளின் நிழற்படத்தையும் குரலையும் எங்கெங்கே பயன்படுத்தலாம் என்று மூன்று பக்கத்தில் சொல்லும் அந்தப் படிவம் ஆங்கிலத்தில் மட்டுமே வந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே தோட்டத் தொழிலாளர் சிலர் பெருவிரல் ரேகை வைத்துக் கொடுத்திருந்தார்கள். புதிதாக வந்தவரை அரவணைக்கக் கற்றுத்தரும் ஒரு திட்டம், புதிதாக வந்த பெற்றோரிடம் இப்படி நடந்துகொள்ளலாகாது. கழகம் அந்தப் படிவங்களைத் திரும்பப் பெற்று, தோட்ட சூப்பர்வைசர் ஒருவரை வைத்து இந்தியில் விளக்கிச் சொல்லி, மறுபடியும் சம்மதம் கேட்டது. இருவர் படம் வேண்டாம் என்றார்கள். அவர்கள் விருப்பப்படியே செய்தோம்.

இத்தகைய சேவையில் சேர விரும்பும் பள்ளிகள் காணொளிச் சந்திப்புகளை மழை ஓய்ந்த சனவரி, பிப்ரவரி மாதங்களுக்குக் கேட்டு வாங்குவது நல்லது. பிள்ளைகள் எந்த மொழியில் எழுதினாலும் குறிப்பேட்டில் இடம் உண்டு என்பதை முதல் நாளே வகுப்பில் அறிவித்துவிட வேண்டும். அஞ்சல் செலவு கட்டணத்தில் அடங்காது என்பதால் அதைத் தனியே ஒதுக்கிக்கொள்ள வேண்டும். எங்கள் பள்ளியில் வரும் ஆண்டு ஆறாம் வகுப்பையும் சேர்க்கக் கழகம் தீர்மானித்திருக்கிறது. சம்மதப் படிவம் தமிழிலும் இந்தியிலும் கைக்கு வந்த பிறகே ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவோம் என்று நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறோம்.