வெளிநாட்டு கிளையன்ட்டிடம் சிக்கிய பணம்: பத்து வருட அனுபவம்

குழந்தைகள் படப்புத்தகங்களுக்குப் படம் வரைவது என் தொழில். 2016-லிருந்து மதுரையில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக்காரர்களுக்கு வரைந்து கொடுக்கிறேன். பெரும்பாலும் அமெரிக்கா, பிரிட்டன், கொஞ்சம் ஆஸ்திரேலியா. இடையிடையே லோகோ, அட்டைப்பட வேலைகளும் உண்டு. இத்தனை வருடத்தில் ஆறு பேர் வேலையை வாங்கிக்கொண்டு பணத்தைத் தராமல் இழுத்தடித்தார்கள். இரண்டு பேரிடம் வாங்கிவிட்டேன், நான்கு இன்னும் நிலுவை. அந்தப் பணத்துக்காக நான் தட்டிப் பார்த்த கதவுகளில் எது திறந்தது, எது திறக்கவில்லை என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதல் அடி 2019-ல். அமெரிக்காவில் ஒரு பெண்மணி, தானே எழுதித் தானே வெளியிடுபவர். 32 பக்கப் புத்தகம், பேசிய தொகை 2,400 டாலர். 600 அட்வான்ஸ், மீதி 1,800 வேலை முடிந்ததும். தினமும் மெயில் போடுவார், ஒவ்வொரு ஸ்கெட்ச்சையும் பாராட்டுவார், என் பையனின் பிறந்தநாளுக்குக்கூட வாழ்த்து வந்தது. கதையில் ஒரு பாட்டி தைத்த ஒட்டுத்துணிப் போர்வை வரும். ஒன்பதுக்கு ஏழு, மொத்தம் 63 சதுரங்கள். ஒரு சதுரத்தில் இருக்கும் பூ இன்னொன்றில் வரக்கூடாது என்று நானே வைராக்கியமாக நான்கு நாள் உட்கார்ந்து வரைந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, அச்சுக்குப் போகும் தரத்தில் எல்லா ஃபைலையும் அனுப்பிவிட்டுத்தான் தூங்கினேன்.

அதோடு மெயில் குறைந்தது. அடுத்த வாரம் அனுப்புகிறேன் என்றார். அப்புறம் வீட்டில் உடம்பு சரியில்லை என்றார். அதற்கப்புறம் பதிலே இல்லை. மூன்று மாதம் கழித்து ஒரு இணையப் புத்தகக் கடையில் அந்தப் புத்தகம் விற்பனைக்கு இருந்தது. அட்டையில் என் போர்வை, 63 சதுரமும் அப்படியே.

அந்த மூன்று மாதத்தில் நான் எழுதிய பதினோரு மெயில்களை இப்போது எடுத்துப் படித்தால் மனசு கனக்கிறது. "தயவுசெய்து", "சிரமத்துக்கு மன்னிக்கவும்" என்று ஒவ்வொன்றிலும் இருக்கிறது. என் கூலியைக் கேட்க நான் ஏன் மன்னிப்புக் கேட்டேன்? அந்த மெயில்களால் ஒரு டாலர்கூட வரவில்லை.

ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவர் நேர்மையாகச் சொன்னார்: இங்கே வழக்குப் போட்டு ஜெயித்தாலும் அந்தத் தீர்ப்பை அமெரிக்காவில் நேரடியாக நிறைவேற்ற முடியாது. பரஸ்பரம் தீர்ப்புகளை நிறைவேற்றும் நாடுகள் என்று நம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின் கீழ் அறிவிக்கப்பட்ட பட்டியலில் பிரிட்டன் இருக்கிறது, அமெரிக்கா இல்லை. அங்கே போய்த் தனியாக வழக்குப் போட வேண்டும். 1,800 டாலருக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் அவரே ஒரு கேள்வியும் கேட்டார்: "படத்தோட உரிமையை எழுதிக் கொடுத்துட்டீங்களாம்மா?"

கொடுக்கவில்லை. எங்கள் மெயில் ஒப்பந்தத்தில் உரிமை பற்றி ஒரு வரி கிடையாது. நம் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை இன்னொருவருக்கு மாற்ற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். அமெரிக்கச் சட்டமும் அதையேதான் கேட்கிறது. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் இரண்டு நாடுகளும் இருப்பதால், மதுரையில் வரைந்த படத்துக்கு அங்கேயும் பாதுகாப்பு உண்டு, எங்கும் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. அதாவது பணம் தராதவர் விற்றுக்கொண்டிருந்தது என்னுடைய படங்களை.

அந்தக் கடையின் காப்பிரைட் புகார்ப் படிவத்தை நிரப்பினேன். தேதியோடு பென்சில் ஸ்கெட்ச்கள், லேயர்கள் (படத்தின் அடுக்குகள்) தனித்தனியாகத் தெரியும் மூல ஃபைலின் ஸ்க்ரீன்ஷாட், பணம் வராத இன்வாய்ஸ், அந்தப் பெண்மணி "ஃபைல்கள் கிடைத்தன" என்று எழுதிய மெயில், எல்லாம் சேர்த்து அனுப்பினேன். நாலாவது நாள் புத்தகத்தின் பக்கம் காணவில்லை. ஐந்தாவது நாள் இரவு அவரிடமிருந்து மெயில் வந்தது, அன்றைக்கே 1,800 டாலரும் வந்தது. பணம் கணக்கில் ஏறியதை உறுதி செய்துகொண்டு உரிமை மாற்றக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன், புகாரையும் திரும்பப் பெற்றேன். மாதக்கணக்கில் கெஞ்சி வராத பணம் ஐந்து நாளில் வந்தது.

இந்த வழி எல்லோருக்கும் பலிக்காது. வேலை பொதுவெளியில் தெரிய வேண்டும். எங்கோ ஒரு ஊரில் ஒரு காபிக் கடையின் பெயர்ப்பலகையாகிவிட்ட என் லோகோவை நான் என்ன செய்ய முடியும்? அது நான்கு நிலுவையில் ஒன்று. அப்புறம், "ஒர்க் மேட் ஃபார் ஹயர்" (உரிமை வரைந்தவருக்கு அல்ல, வேலை கொடுத்தவருக்கே) என்ற வரி உள்ள ஒப்பந்தத்தில் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டால் இந்தப் பிடியே கைநழுவிப் போகலாம். இப்போது அந்த வரியைக் கண்டால் அடித்துவிட்டு, "முழுத் தொகையும் வந்து சேர்ந்த பிறகே உரிமை மாறும்" என்று எழுதுகிறேன். பத்து வருடத்தில் எனக்கு மிக அதிகமாக உழைத்த வாக்கியம் இதுதான்.

நான் வாங்கிய இரண்டாவது நிலுவை பிரிட்டனில் ஒரு சின்ன டிசைன் ஸ்டுடியோவிடம். 740 பவுண்டு, எழுபது நாள் தாண்டியும் "அக்கவுண்ட்ஸில் இருக்கிறது" என்ற பதில்தான். அந்த நாட்டில் 1998-லேயே தாமதப் பணத்துக்கான சட்டம் இருக்கிறது. தொழில் செய்பவர்கள் தங்களுக்குள் நடத்தும் வியாபாரத்தில், தவணை தாண்டினால் பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் அடிப்படை வட்டிக்கு மேல் 8 சதவீதம் கேட்கலாம். ஆயிரம் பவுண்டுக்குக் குறைந்த கடனுக்கு 40 பவுண்டு நஷ்டஈடும் தனியாக உண்டு. ஒப்பந்தம் இங்கிலாந்துச் சட்டப்படி என்று அவர்கள் அனுப்பிய தாளிலேயே இருந்தது. கோபம் எதையும் காட்டாமல், வட்டியையும் 40 பவுண்டையும் சேர்த்துப் புது இன்வாய்ஸ் போட்டு, சட்டத்தின் பெயரை மட்டும் கீழே குறிப்பிட்டேன். ஒன்பதாவது நாள் 740 வந்தது. வட்டி வரவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

நியூயார்க் கிளையன்ட் என்றால் தனியாக வேலை செய்து கொடுப்பவர்களின் கூலியைப் பாதுகாக்கும் அங்குள்ள ஃப்ரீலான்ஸ் இஸ்ன்ட் ஃப்ரீ சட்டத்தைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. நகரத்தில் 2017-லிருந்து, மாநிலம் முழுக்க 2024 ஆகஸ்ட்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 800 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். தேதி குறிப்பிடாவிட்டால் வேலை முடிந்து 30 நாளுக்குள் பணம் தர வேண்டும். இல்லினாய், கலிஃபோர்னியாவிலும் இதே மாதிரி சட்டங்கள் வந்துவிட்டன. நான் இதைவைத்துப் புகார் எதுவும் கொடுத்ததில்லை. வேலை தொடங்கும் முன்பே "உங்கள் ஊர்ச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் வேண்டுமே" என்று கேட்கப் பயன்படுகிறது, அதுவே எனக்குப் பெரிய உதவி.

இணையத்தில் இப்படிப்பட்ட வேலைகள் கிடைக்கும் தளமான அப்வொர்க்கில் எனக்கு ஒரு ரூபாய்கூடப் போனதில்லை. கிளையன்ட் மைல்ஸ்டோன் தொகையை, அதாவது அந்தக் கட்ட வேலைக்கான பணத்தை, எஸ்க்ரோவில் (வேலை முடியும்வரை தளமே பிடித்து வைக்கும் கணக்கில்) போட்ட பிறகே பென்சிலைத் தொடுவேன். வேலையைச் சமர்ப்பித்து 14 நாள் அவர் வாய் திறக்காவிட்டால் பணம் தானாக விடுவிக்கப்படும். கமிஷன் போகும், விலையும் அடிமாட்டு விலைக்கு இறங்கும், இருந்தாலும் புதிதாகத் தொடங்குபவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம். ஆனால் வேறொரு தளத்தில் பழகிய ஒருவர், "வெளியில் நேராக அனுப்புகிறேன், கமிஷன் மிச்சம்" என்றார். நம்பினேன். 500 டாலர் நின்றுபோனது. விதியை மீறியது நானும்தான் என்பதால் தளத்திடமும் போய் நிற்க முடியவில்லை.

இன்னொருவர் கார்டில் பணம் கொடுத்துவிட்டு, இரண்டு மாதம் கழித்துத் தன் வங்கியில் சொல்லித் திரும்ப எடுத்துக்கொண்டார். வந்த பணத்தைச் செலவழித்த பிறகு கணக்கு மைனஸில் போனது. அதிலிருந்து பெரிய தொகையைக் கார்டு வழியாக வாங்குவதில்லை, வங்கிக்கு நேராக வரச் சொல்கிறேன். ஆறாவது ஒரு ஸ்டார்ட்அப். இன்வாய்ஸ் போன மாதமே கம்பெனியை மூடிவிட்டார்கள்.

ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்து வரி கட்டாமல் ஏற்றுமதி இன்வாய்ஸ் போட்டால், விதியில் சொன்ன காலக்கெடு தாண்டியும் அந்நியச் செலாவணி வராத தொகைக்கு நாம் வட்டியோடு ஐஜிஎஸ்டி (ஏற்றுமதிக்கான ஜிஎஸ்டி) கட்ட வேண்டிவரும். வராத பணத்துக்கு வரி! என் ஆடிட்டர் சொல்லித்தான் தெரிந்தது. நிலுவை இருந்தால் பத்தாவது மாதமே அவரிடம் பேசிவிடுங்கள்.

இப்போது என் முறை இதுதான். பாதித் தொகை முன்பணம், ஸ்கெட்ச் ஒப்புதலானதும் கால் பங்கு. வண்ணப் படங்களைச் சிறிய அளவில், வாட்டர்மார்க் போட்டுக் காட்டுவேன். கடைசிக் கால் பங்கு கணக்கில் ஏறிய பிறகுதான் அச்சு ஃபைல் போகும். இதைக் கேட்டதும் சிலர் விலகிப் போகிறார்கள். சிவகாசியில் ஒரு தங்கை, இப்போதுதான் வரையத் தொடங்கியிருக்கிறாள், "அக்கா, அட்வான்ஸ் கேட்டா வேலை போயிடுமோன்னு பயமா இருக்கு" என்றாள். போகும்தான், எனக்கும் போயிருக்கிறது. ஆனால் போர்வை வரைந்த நான்கு நாள் மாதிரி நாட்கள் இந்த முறைக்கு மாறிய பிறகு எனக்கு வீணாகவில்லை.

நிலுவையில் இருக்கும் நான்கு இன்வாய்ஸையும் வருடா வருடம் ஜனவரியில் ஒரே ஒரு வரியோடு திரும்ப அனுப்புகிறேன். கமிஷன் மிச்சம் என்று சொன்னவர் சென்ற வருடம் பதில் எழுதி 150 டாலர் அனுப்பினார். மீதி 350-க்கு இந்த ஜனவரியிலும் எழுதியிருக்கிறேன்.