கால்நடை ஆராய்ச்சிக்கு எங்கே தேடுவது? ஸ்காலர், பப்மெட், கேப்: ஒரு விமர்சனம்

எம்.வி.எஸ்சி. (கால்நடை மருத்துவ முதுநிலைப் படிப்பு) சேர்ந்ததும் கைடு சொல்லும் முதல் வேலை ‘லிட்டரேச்சர் பாருங்க’, அதாவது முன்பு வந்த ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படியுங்கள் என்பதுதான். எங்கே பார்ப்பது என்று யாரும் சொல்வதில்லை, எல்லாரும் நேராகக் கூகுள் ஸ்காலருக்குப் போகிறார்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன், கொஞ்சம் திட்டுவதற்காக.

ஸ்காலர் 2004இல் வந்தது, இலவசம், எதைக் கேட்டாலும் ஆயிரக்கணக்கில் கொட்டும். சிக்கலே அதுதான். நல்ல ஆய்விதழும், காசு வாங்கிக்கொண்டு எதையும் போடுகிற போலி இதழும் அங்கே ஒரே வரிசையில் நிற்கும். அப்புறம், அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளை அது மேலே தூக்குவதால் பழசுக்கு அங்கே எப்போதும் செல்வாக்கு. மாட்டுக்கு வலி மருந்து பற்றித் தேடிப் பாருங்கள், இது எவ்வளவு ஆபத்து என்று புரியும். டைகுளோஃபெனாக் போட்ட மாடு செத்து அதைத் தின்கிற பாறு கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து சாகின்றன என்று நேச்சர் இதழில் கட்டுரை வந்தது 2004இல், இந்தியா கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது 2006இல். அசிக்ளோஃபெனாக்கும் மாட்டின் உடலுக்குள் போய் டைகுளோஃபெனாக்காகவே மாறுகிறது என்பது அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் உறுதியானது, அதையும் கீட்டோபுரோஃபெனையும் தடை செய்ய 2023 ஆகிவிட்டது. இதெல்லாம் தெரியாமல் முதல் பக்கத்தில் வந்த பழைய கட்டுரையை எடுத்துக்கொண்டு போனால், மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் பாறுகளுக்கு நீங்கள் செய்வது நல்லதில்லை. இடது பக்கம் இருக்கும் ஆண்டு வடிகட்டியைப் போடாமல் ஸ்காலரைத் தொடாதீர்கள். ஒரு நல்ல கட்டுரை கையில் கிடைத்த பிறகு, அதை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பின்தொடர மட்டும் ஸ்காலரை விட்டால் ஆளில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

பப்மெட் ஒழுங்கான இடம். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்துகிறது, இதுவும் இலவசம். பலருக்குத் தெரியாத ஒன்று: தேடல் வரியில் ‘வெட்டரினரி’ என்று ஆங்கிலத்தில் அடித்து, பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் ‘எஸ்பி’ (sb) என்று போட்டால் மனித மருத்துவக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒதுங்கிவிடும். அதைவிட முக்கியமானது மெஷ் எனப்படும் தலைச்சொற்கள், கட்டுரை எதைப் பற்றியது என்று நூலகம் குறித்துவைக்கும் நிலையான சொற்கள். மாட்டு மடிநோய்க்கு அங்கே தனித் தலைச்சொல் இருக்கிறது, கட்டுரை எழுதியவர் மாஸ்டைடிஸ் என்ற சொல்லையே தலைப்பில் போடாமல் மடித்தொற்று என்று வேறு மாதிரி எழுதியிருந்தாலும் அது பிடித்துக் கொடுக்கும். குறை என்னவென்றால், அது அடிப்படையில் மனித மருத்துவத்துக்கான நூலகம், நம் துறை இதழ்களில் நிறைய அதில் கிடையாது. இன்னொன்று, பப்மெட்டில் வருவதெல்லாம் அந்த நூலகத்தின் மெட்லைன் தொகுப்புக்குத் தேர்வுக்குழு தரம் பார்த்து எடுத்த இதழ்கள் இல்லை. முழுக்கட்டுரைக் களஞ்சியமான பிஎம்சி வழியாகவும் கட்டுரைகள் உள்ளே வரும். ‘பப்மெட்ல இருக்கு சார்’ என்பது பாதிச் சான்றிதழ்தான்.

முதலிடம் வேளாண், கால்நடைக் கட்டுரைச் சுருக்கங்களின் தரவுத்தளமான கேப் அப்ஸ்ட்ராக்ட்ஸுக்கு, இதில் எனக்குத் தயக்கமே இல்லை. நாட்டிங்காம் பல்கலைக்கழகக் குழு ஒன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடை மருத்துவ இதழ்களை எடுத்துக்கொண்டு, எந்தத் தரவுத்தளம் எத்தனை இதழ்களைத் தொடுகிறது என்று ஒப்பிட்டு 2012இல் வெளியிட்டது. கேப் 90 விழுக்காட்டைத் தொட்டது, மற்றவை வெகு தூரம் பின்னால். ஆடு, கோழி, தீவனம், ஒட்டுண்ணி என்று நம்மூர்ப் பிரச்சினைகள் எல்லாம் இதில்தான் ஒழுங்காகக் கிடைக்கும். ஆனால் சந்தா. தனி ஆள் கட்டுகிற காசில்லை, உங்கள் கல்லூரி நூலகரிடம் போய் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். முழுக்கட்டுரை கிடைப்பது 2025 ஜனவரியில் மத்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் வந்த பிறகு அரசுக் கல்லூரிகளுக்கு எளிதாகியிருக்கிறது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அதில் அடக்கம்.

நம் நாட்டு ஆய்வுகளுக்கு ஐசிஏஆரின் (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) இதழ்த் தளமும் கிருஷிகோஷும் பார்க்காமல் இருக்கவே கூடாது. இந்தியன் ஜர்னல் ஆஃப் அனிமல் சயின்சஸ் முதலாவதில் இலவசமாகக் கிடைக்கிறது, இரண்டாவது வேளாண், கால்நடைப் பல்கலைக்கழகத் தீசிஸ்களின் கிடங்கு. மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசுவது பற்றி எழுதப் போகிறவர் பப்மெட்டை மட்டும் பார்த்துவிட்டு ‘இதில் ஆய்வு குறைவு’ என்று சினாப்சிஸில் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) எழுதினால் அது சோம்பேறித்தனம். அதற்காக உள்ளூர் தீசிஸை அப்படியே நம்பவும் சொல்லவில்லை. எத்தனை மாடுகள், ஒப்பீட்டுக் குழு இருந்ததா, மடிநோயைக் காட்டிக்கொடுக்கும் பால் செல் எண்ணிக்கையைப் பார்த்தார்களா என்று நீங்களே உட்கார்ந்து படிக்க வேண்டும்.

கால்நடை மருத்துவக் கையேடான எம்எஸ்டி வெட்டரினரி மேனுவல் 1955இலிருந்து வருகிறது, இணையத்தில் இலவசம். மருந்தகத்தில் அவசரத்துக்குப் பார்க்கத் தங்கமான புத்தகம், தீசிஸில் மேற்கோள் காட்டுவதற்கில்லை.

‘மூன்று நாளில் வெளியிடுகிறோம்’ என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களைச் சமாளிக்க, பல்கலைக்கழக மானியக் குழுவின் தரமான இதழ்ப் பட்டியலான யுஜிசி கேரை இனி நம்ப முடியாது, 2025 பிப்ரவரியில் அதைக் கைவிட்டுவிட்டார்கள். தேசிய வேளாண் அறிவியல் அகாடமி இதழ்களுக்குத் தரும் நாஸ் மதிப்பெண் பாருங்கள், அதோடு அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் என்எல்எம் கேட்டலாக்கில் இதழின் பெயரைப் போட்டு மெட்லைனில் இப்போது சேர்க்கப்படுகிறதா என்றும் பாருங்கள். இதழே தன் முகப்பில் ஒட்டியிருக்கும் முத்திரைகளுக்கு மதிப்பில்லை.

ஏஐ கொடுக்கும் மேற்கோள் பட்டியலை ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள தனி அடையாளமான டிஓஐ எண் போட்டுத் திறந்து பார்க்காமல் எடுக்காதீர்கள், இல்லாத கட்டுரைக்கு அழகான தலைப்பு வைத்துத் தரும். உண்மையான கட்டுரையும் பின்னால் திரும்பப் பெறப்பட்டிருக்கலாம். அதற்கு ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளம் இருக்கிறது, 2023இலிருந்து முழுவதும் திறந்த தரவு. மேற்கோள்களைச் சேர்த்துவைக்கும் மென்பொருளான ஸோடெரோவில் வைத்திருந்தால் அந்தத் தளத்தோடு ஒப்பிட்டுத் தானே எச்சரிக்கை காட்டும், தனியாகத் தேடக்கூட வேண்டாம்.