சர்வருக்குள் நுழையும் வழிகள்: நீண்டகாலப் பயன்பாட்டில் கண்டவை

இணையதளங்கள் இயங்கும் லினக்ஸ் சர்வர்களைத் தொலைவிலிருந்து பராமரிப்பது பல ஆண்டுகளாக என் அன்றாட வேலை. கடவுச்சொல், சாவிக்கோப்பு, வன்பொருள் சாவி, விபிஎன் என எல்லா வழிகளையும் நெடுநாள் பயன்படுத்திய பிறகு என் கருத்து இதுதான்: கடவுச்சொல்லால் நுழையும் வழியை அடியோடு அடைப்பதே முதல் வேலை, மற்றவை அதற்கு அடுத்தபடிதான்.

தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்பட்ட டெல்நெட்டும், கோப்புகளை அனுப்பப் பயன்பட்ட பழைய எஃப்டிபியும் கடவுச்சொல்லை மறையாக்கம் இல்லாமல் அப்படியே அனுப்புபவை. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதால்தான் 1995-இல் அங்கிருந்த டாட்டு உலோனன், மறையாக்கத்துடன் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சை எழுதினார். ஆனால் எஸ்எஸ்ஹெச் வந்தும், கடவுச்சொல்லை ஊகித்து நுழையப் பார்க்கும் தாக்குதல் ஓயவில்லை. பொது முகவரியுள்ள எந்தச் சர்வரின் பதிவேட்டைத் திறந்தாலும் ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு), அட்மின், டெஸ்ட் என்ற பெயர்களில் நுழைய முயன்று தோற்ற வரிகள் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். எஸ்எஸ்ஹெச் வழக்கமாகக் காத்திருக்கும் வாசல் எண்ணான போர்ட் 22-ஐ வேறு எண்ணுக்கு மாற்றினால் அந்த இரைச்சல் குறையும்; அதைப் பாதுகாப்பு என்று நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

சாவி முறையில் இரண்டு சாவிகள் ஜோடியாக இருக்கும்: பொதுச்சாவி (பப்ளிக்கீ) சர்வரில் இருக்கும், ரகசியச் சாவி நம் கணினியை விட்டு வெளியேறுவதே இல்லை. அதைக் கொண்டு இட்ட கையொப்பத்தை மட்டுமே சர்வர் சரிபார்க்கிறது. எஸ்எஸ்ஹெச்சின் பரவலான திறமூல வடிவமான ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சின் 6.5 பதிப்பில் 2014-இல் வந்த இடி25519 வகைச் சாவியைத்தான் இன்றும் பயன்படுத்துகிறேன். சாவிக்கோப்புக்குக் கட்டாயம் ஒரு கடவுத்தொடர் வேண்டும்; இல்லையென்றால் மடிக்கணினி களவு போகும் நாளில் சர்வரும் சேர்ந்து போகும்.

கடவுச்சொல் நுழைவை நிறுத்திவிட்டதாக நம்புவது வேறு, அது உண்மையில் நின்றிருப்பது வேறு. எஸ்எஸ்ஹெச் அமைப்புக் கோப்பில் ஒரே கட்டளை இருமுறை வந்தால் முதலில் படிக்கப்படுவதே செல்லும். உபுண்டுவில் துணை அடைவிலுள்ள கோப்புகள் முதலில் படிக்கப்படுவதால், மேகச் சேவை உருவாக்கிய ஒரு சிறு கோப்பு அங்கே கடவுச்சொல்லை அனுமதித்திருந்தால், முதன்மைக் கோப்பில் நாம் போட்ட தடைக்குப் பயனே இருக்காது. ஆகவே சாவி இல்லாத இன்னொரு கணினியிலிருந்து நானே நுழைய முயன்று பார்க்கிறேன்: மறுப்புச் செய்தியின் அடைப்புக்குறிக்குள் பப்ளிக்கீ என்பது மட்டுமே இருக்க வேண்டும், பாஸ்வேர்டு என்ற சொல்லும் தென்பட்டால் வழி இன்னும் திறந்தே கிடக்கிறது. இந்தச் சோதனை முடியும்வரை, ஏற்கெனவே திறந்துள்ள இணைப்பை மூடுவதில்லை.

2020-இல் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.2 பதிப்பு, கணினியில் செருகும் சிறு கருவிகளான ஃபைடோ வகை வன்பொருள் சாவிகளை ஏற்கத் தொடங்கியது. விரலால் தொட்டால்தான் கையொப்பம் இடும் என்பதால், கணினியில் புகுந்த தீநிரல் கோப்பை நகலெடுத்தாலும் அதை வைத்து நுழைய முடியாது. நான் இரண்டு சாவிகளைப் பதிவுசெய்து ஒன்றை வேறிடத்தில் வைத்திருக்கிறேன். தானியங்கிக் காப்புநகல் பணிக்கு மட்டும் இது ஒத்துவராது. அதற்கு ஒரே ஒரு கட்டளையை மட்டும் இயக்க அனுமதிக்கும் தனிச்சாவி தேவை.

2024 ஜூலையில் வெளியான, ரெக்ரெஎஸ்எஸ்ஹெச்சன் என்ற ஓப்பன்எஸ்எஸ்ஹெச் பாதுகாப்புக் குறை என் அமைப்பையே மாற்ற வைத்தது. உள்நுழையாமலேயே ரூட் அதிகாரம் பெற வழிவிட்ட அந்தக் குறைக்கு முன்னால் எவ்வளவு வலுவான சாவியும் காவலாகாது, 9.8-க்கோ திருத்தம் சேர்க்கப்பட்ட பழைய பதிப்புக்கோ புதுப்பிப்பதே தீர்வாக இருந்தது. அதன்பின் எஸ்எஸ்ஹெச் போர்ட்டைப் பொதுவெளியில் மூடி, வயர்கார்டு என்ற விபிஎன் சுரங்கத்துக்குப் பின்னால் வைத்தேன். சரியான சாவியின்றி வரும் பொட்டலங்களுக்கு வயர்கார்டு பதிலே அனுப்பாது என்பதால், வெளியிலிருந்து துழாவுபவருக்கு அங்கே ஒன்றும் தட்டுப்படாது.

அந்தச் சுரங்கம் அறுந்தால் நுழைவதற்குச் சேவை நிறுவனத்தின் இணையவழி கன்சோல் இருக்கிறது. அந்தக் கணக்கைக் கைப்பற்றுபவர் சர்வரை மீட்பு நிலையில் துவக்கி, மேலே சொன்ன அத்தனை தடைகளையும் சுற்றிக்கொண்டு உள்ளே போக முடியும். ஆகவே அதற்கும் அதன் மீட்பு மின்னஞ்சலுக்கும் அதே வன்பொருள் சாவியையே இரண்டாம் அடையாளமாக வைத்திருக்கிறேன்.