எக்ஸ்ஹெச் கனெக்டர் கிட்: காந்தம் வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்

எக்ஸ்ஹெச் என்பது சர்க்யூட் போர்டில் ஒயர்களை மாட்டிக் கழற்ற உதவும் சின்ன கனெக்டர். 500 டெர்மினல் (ஒயர் நுனியில் பொருத்தும் உலோக முனை), 10 மீட்டர் 22 ஏடபிள்யூஜி (ஒயர் தடிமன் அளவு) சிலிகான் ஒயர், ராட்செட் கிரிம்பிங் டூல் (டெர்மினலை ஒயரில் நசுக்கிப் பொருத்தும் கருவி). ஆன்லைன் கடை ஒன்றிலிருந்து வந்த இந்த கிட்டில் ஒரு பொருள்கூடத் தேறவில்லை. பாக்கெட்டைப் பிரித்துவிட்டீர்கள் என்று சொல்லி ரிட்டர்னும் எடுக்கவில்லை.

நல்ல எக்ஸ்ஹெச் டெர்மினல், பாஸ்பர் பிரான்ஸ் தகட்டில் டின் பூசியது. காந்தத்தில் ஒட்டாது. இதுவோ கொத்தாக ஒட்டிக்கொண்டது, அத்தனையும் இரும்பு. ஸ்பிரிங் விசை போதாததால் சிலமுறை கழற்றி மாட்டினாலே பின்னைப் பிடிக்காமல் தளரும், பிறகு சூடேறும்.

ஒயர் இன்னும் மோசம். டின் பூசிய செம்பு இழையை பிளேடால் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரிய வேண்டும். இதில் சிவப்பு மேலே, வெள்ளை உள்ளே: செம்பு பூசிய அலுமினியம். மல்டிமீட்டரில் ஓம் பார்த்து ஏமாறாதீர்கள், புரோப் ஒயரே 0.2 ஓம் காட்டும். 1 ஆம்பியர் ஓடவிட்டு இரு முனைக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 10 மீட்டர் செம்புக்கு 0.53 வோல்ட் வரும், இதில் 0.8. கிரிம்ப் நன்றாக விழுந்தாலும் அலுமினியம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி, நாளடைவில் பிடி விட்டுப்போகும்.

டூலின் தாடை இந்தச் சின்ன டெர்மினலுக்கு மிகத் தடிமன். இழையைப் பிடிக்கும் சிறகு இறுக்கமாகவும், இன்சுலேஷனைப் பிடிக்கும் சிறகு அதைத் துளைக்காமல் தழுவியும் மடிய வேண்டும். இது இரண்டையும் ஒரே உயரத்துக்கு நசுக்கி, முன்னாலிருக்கும், பின்னைப் பிடிக்கும் பெட்டிப் பகுதியையும் வளைத்துவிடுகிறது. வளைந்த டெர்மினல் ஹவுசிங்கில் (கனெக்டரின் பிளாஸ்டிக் கூட்டில்) 'கிளிக்' என்று உட்காராது.

சரியான கிரிம்பை லென்ஸில் பாருங்கள். 2 முதல் 2.5 மி.மீ. உரித்த ஒயரில், முன்பக்கம் இழைநுனி கொஞ்சம் எட்டிப் பார்க்கும். இரு சிறகுகளுக்கும் நடுவே இன்சுலேஷன் முடியும் இடமும் இழையும் சேர்ந்தே தெரியும். பிறகு அதில் 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிடுங்கள். செம்பு ஒயரில் சரியாகப் போட்ட கிரிம்ப் தாங்கும். இந்த கிட்டில் பாட்டில் தரையை விட்டு எழும்புவதற்குள் ஒயர் உருவிக்கொண்டு வந்தது. சால்டர் வைத்துச் சரிசெய்யச் சொன்னது கடை. செய்யாதீர்கள்: சால்டர் இழைக்குள் ஏறி விறைத்து, அது முடியும் இடத்தில் ஒயர் ஒடியும்.

விளம்பரத்தில் பிட்ச், அதாவது பின்னுக்குப் பின் இடைவெளி, 2.54 மி.மீ. என்றிருந்தது. எக்ஸ்ஹெச் 2.5 மி.மீ.தான். 3 பின்னில் வித்தியாசம் தெரியாது. 10 பின்னில் 0.36 மி.மீ. தள்ளிப்போய்விடும்.

டெர்மினல், ஒயர், டூல் மூன்றையும் தனித்தனியாக வாங்குங்கள். பாக்கெட்டைப் பிரிக்கும்போதே காந்தத்தைக் காட்டி வீடியோ எடுத்துவிடுங்கள்.