விமானத்தில் குமட்டல்: இருக்கையா, மாத்திரையா, ஒட்டுப்பட்டையா, இஞ்சியா?

விமானம் தரையிறங்குவதற்காக மேகங்களுக்குள் புகுந்து குலுங்கத் தொடங்கும்போது, பயணக் குமட்டல் உள்ளவருக்கு எடுத்த எடுப்பிலேயே வாந்தி வந்துவிடுவதில்லை. முதலில் தூக்கமே இல்லாமல் இரண்டு மூன்று கொட்டாவி வரும், பிறகு வாயில் உமிழ்நீர் ஊறும், மேலுதட்டில் குளிர்ந்த வியர்வை அரும்பும், முகம் வெளிறிப்போகும். வயிறு புரளத் தொடங்குவது அதற்கும் பிறகுதான். இதைத் தவிர்க்க மக்கள் கையாளும் வழிகள் பல இருந்தாலும், அவை ஒவ்வொன்றும் இந்த வரிசையில் ஏதேனும் ஓர் இடத்தில்தான் பலன் தரும். அந்த இடம் தவறினால் நல்ல மருந்தும் வீணாகிவிடும். ஆகவே, எது வலிமையானது என்று கேட்பதற்கு முன் எது எப்போது வேலை செய்யும் என்று கேட்டு, அந்தக் கேள்வியைக் கொண்டே இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நம் உட்செவியில் உள்ள மூன்று அரைவட்டக் குழாய்கள் தலையின் சுழற்சியை உணர்கின்றன; அவற்றை ஒட்டியுள்ள இரு சிறு பைகள் முன்பின், மேல்கீழ் நகர்வையும் புவியீர்ப்பையும் உணர்கின்றன. விமானம் ஏறி இறங்கும்போது உட்செவி அசைவைத் தெரிவிக்கிறது. கண்ணோ எதிரே அசையாமல் நிற்கும் இருக்கையின் முதுகைப் பார்த்து, எதுவும் நகரவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டுக்கு மூளை காட்டும் எதிர்வினைதான் குமட்டல் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். உட்செவியின் பங்கு எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. செவித்திறன் இழந்தவர்களில் பலருக்குத் தலைச்சுற்றலே வருவதில்லை என்பதை அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1882இல் எழுதினார். உட்செவியின் சமநிலை உறுப்பு முற்றிலும் செயலிழந்தவருக்குக் கடல் எவ்வளவு கொந்தளித்தாலும் குமட்டுவதில்லை என்பது பின்னர் உறுதியாயிற்று. அசைவுகளிலும் எல்லாம் ஒன்றல்ல. சடசடவென்ற வேகமான அதிர்வு அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. ஏறத்தாழ ஐந்து நொடிக்கு ஒருமுறை மெதுவாக எழும்பித் தாழும் அசைவுதான் மிக மோசமானது.

செலவும் பக்கவிளைவும் இல்லாத வழி இருக்கைத் தேர்வு. பயணச்சீட்டு வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டியதும் அதுவே. விமானத்தின் ஈர்ப்பு மையம் இறக்கைகளுக்கு அருகில் இருப்பதால், மூக்கு உயர்ந்து வால் தாழும் ஊசலாட்டம் அங்கே மிகக் குறைவாக இருக்கும். வாலுக்கு அருகில் அது மிக அதிகம், முன்பகுதி இடைப்பட்டது. விமானம் முழுவதுமாகத் தூக்கிப் போடப்படும் அசைவு எல்லா வரிசைகளுக்கும் பொது என்பதால், இறக்கை வரிசையில் அமர்ந்தாலே போதும் என்று எண்ணிவிடக் கூடாது. ஜன்னலோரமா, நடைபாதையோரமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எழுந்து கழிவறைக்கு ஓட வசதி என்பதால் நடைபாதையோரத்தை நாடுவோர் பலர். என் வாக்கு ஜன்னலுக்கே. எழுந்து ஓடுவதற்கான ஏற்பாட்டைவிட ஓட வேண்டிய தேவையைக் குறைக்கும் ஏற்பாடு மேலானது; தொலைவில் அசையாமல் நிற்கும் தொடுவானக் கோட்டைப் பார்க்கும்போதுதான் கண்ணும் காதும் ஒரே செய்தியைச் சொல்லத் தொடங்குகின்றன. ஆனால் இறக்கையின் நுனியைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அது மேலும் கீழும் துள்ளும், பார்வையும் அதனோடு சேர்ந்து துள்ளும். இறக்கை தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னுள்ள வரிசை கிடைத்தால் வெளிக்காட்சி மறையாது. இரவிலும் மேகத்துக்குள்ளும் தொடுவானம் தெரியாது. அப்போது கண்ணை மூடிக்கொள்வதே நல்லது.

இருக்கையோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது தலை. விமானம் வளைந்து திரும்பிக்கொண்டிருக்கும்போது கீழே குனிந்து பையைத் துழாவினாலோ, சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தாலோ, அரைவட்டக் குழாய்களில் இரண்டு சுழற்சிகள் ஒன்றோடொன்று கலந்து, எல்லாமே கவிழ்வது போன்ற உணர்வு எழும். தலையை இருக்கையின் சாய்மானத்தில் நன்றாகப் பதித்து வைத்திருந்தால் இது வராது. புத்தகம், கைபேசி, எதிர்இருக்கைத் திரை ஆகிய மூன்றுமே கண்ணை அருகிலுள்ள அசையாப் பொருளில் கட்டிப்போடுபவை என்பதால், குலுங்கும் நேரத்தில் மூன்றையும் மூடி வைப்பது உத்தமம். பயண நேரமும் ஓரளவு நம் கையில் உள்ளது. வெயிலில் தரை சூடேறி வெப்பக்காற்று மேலெழும் பிற்பகலைவிட அதிகாலை விமானங்கள் பொதுவாகக் குலுக்கம் குறைந்தவை.

மாத்திரைகளில் ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் உண்டு. டைமென்ஹைட்ரினேட் என்பதன் கதை சுவையானது. 1947இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அதை ஒவ்வாமைக்கான மருந்தாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது, அதை உட்கொண்ட பெண் ஒருவர், டிராம் வண்டியில் ஏறினாலே தமக்கு வரும் குமட்டல் வரவில்லை என்பதைக் கவனித்துச் சொன்னார்; அதன்பின் படைவீரர்களை ஏற்றிச்சென்ற கப்பலொன்றில் அது சோதிக்கப்பட்டது. பெரியவர்களுக்கு 50 முதல் 100 மில்லிகிராம் வரை, புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் எடுப்பது வழக்கம். நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் அதன் வேகம் அடங்கிவிடும். தூக்கமும் நன்றாக அழுத்தும். மெக்லிசின் அதைவிட மென்மையானது. 25 முதல் 50 மில்லிகிராம் வரை, ஒரு மணி நேரத்துக்கு முன் எடுத்தால் ஒரு நாள் முழுதும் தாங்கும், தூக்கக் கலக்கமும் குறைவு. வலிமையில் சற்றுப் பின்தங்கியது. சின்னரிசினை இரண்டு மணி நேரம் முன்னதாகவே எடுத்துவிட வேண்டும். இது அமெரிக்காவில் அனுமதிக்கப்படவில்லை என்றாலும் பிற நாடுகள் பலவற்றில் பரவலாகப் பயன்படுகிறது. நடுக்குவாத (பார்க்கின்சன்) நோய் உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். புரோமெத்தசின் வலிமையானது, ஆனால் இறங்கிய பிறகும் ஆளைத் தூக்கக் கலக்கத்திலேயே வைத்திருக்கும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அறவே கூடாது.

இந்த நான்குமே மூளைக்குள் சென்று வேலை செய்வதால்தான் தூக்கத்தையும் தருகின்றன. தூக்கம் வராத ஒவ்வாமை மாத்திரையாகப் பார்த்து வாங்கிவிடலாம் என்று செடிரிசினையோ ஃபெக்சோஃபெனடினையோ நாடுவோருக்கு ஏமாற்றமே கிடைக்கும். மூளைக்குள் அதிகம் நுழையாத மருந்து குமட்டலையும் தடுக்காது. ஆன்டன்செட்ரான் பற்றியும் இதைப் போன்ற தவறான எண்ணம் உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சையிலும் அறுவைக்குப் பின்னும் வரும் வாந்தியை நன்றாக நிறுத்தும் மருந்து அது. ஆனால் அது மறிப்பது வேறொரு வழியை. பயணக் குமட்டலுக்கு அதை நம்பிப் போவதில் பொருளில்லை.

எந்த மாத்திரையாக இருந்தாலும் விதி ஒன்றுதான்: குமட்டல் தொடங்கும் முன் அது இரத்தத்தில் கலந்திருக்க வேண்டும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருமுறை மாத்திரையைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு, இன்று வானம் தெளிவாக இருக்கிறதே என்ற துணிச்சலில் இருந்துவிட்டு, இருக்கைப் பட்டையை அணியுமாறு அறிவிப்பு வந்து, உள்ளங்கை வியர்த்த பிறகு அவசரமாக விழுங்கினேன். இருபது நிமிடம் கழித்துக் காகிதப் பைக்குள் பார்த்தபோது, ஓரங்கள் மட்டும் கரைந்து நடுப்பகுதி வெள்ளையாக அப்படியே கிடந்தது. குமட்டல் தொடங்கியதும் இரைப்பை தன் அசைவை நிறுத்திக்கொள்ளும். உள்ளே போன பொருள் உறிஞ்சப்படும் குடலுக்குச் சென்று சேராது. மருந்தின் மீது பழி சொல்ல ஏதுமில்லை.

இரைப்பையையே தவிர்த்துவிட்டுப் போகும் மருந்து ஸ்கோபோலமின் ஒட்டுப்பட்டை. காதுக்குப் பின்னால் முடியில்லாத தோலில் ஒட்டப்படும் அந்தச் சிறு வட்டம் மூன்று நாள்களில் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் மருந்தைத் தோல்வழியே சீராகச் செலுத்துகிறது. பயணக் குமட்டலுக்கான மருந்துகளில் சான்று மிக வலுவாக உள்ளவற்றுள் இதுவும் ஒன்று. ஆனால் அவசரத்துக்கு உதவாதது; குறைந்தது நான்கு மணி நேரத்துக்கு முன்பே ஒட்டியாக வேண்டும். இரண்டு மணி நேரப் பயணத்துக்கு மூன்று நாள் மருந்தைச் சுமப்பது எனக்கு மிகையாகப் படுகிறது. விமானம் மாறி மாறி ஒரு நாளுக்கு மேல் பயணம் செய்பவருக்கு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்திரையைத் தேடுவதைவிட இது எவ்வளவோ எளிது. வாய் வறட்சி, தூக்கக் கலக்கம், பார்வை மங்கல் ஆகியவை இதற்கான விலை. பட்டையைத் தொட்ட விரலைக் கழுவாமல் கண்ணைக் கசக்கினால் அந்தக் கண்ணின் பாவை மட்டும் விரிந்து நிற்கும். காரணம் தெரியாதவர்கள் அதைக் கண்டு பதறிப்போவார்கள். குறுகிய கோண வகைக் கண் அழுத்த நோய் (கிளாக்கோமா) உள்ளவர்களுக்கு இது கூடாது. சிறுநீர் கழிப்பதில் சிரமம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒட்டக் கூடாது. முதியவர்களுக்கு மனக்குழப்பத்தை உண்டாக்கலாம். சிறு குழந்தைகளுக்கு இது உரியதன்று. பல நாள் தொடர்ந்து ஒட்டியிருந்து எடுத்த பிறகு, ஒரு நாள் கழித்துத் தலைச்சுற்றலும் குமட்டலும் தலைகாட்டுவதும் உண்டு.

இஞ்சிக்கு ஆதரவாளர்கள் ஏராளம். 1982இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்றில், சுழலும் நாற்காலியில் அமர்த்தப்பட்டவர்களிடம் 940 மில்லிகிராம் இஞ்சித் தூள் டைமென்ஹைட்ரினேட்டைவிட நன்றாக வேலை செய்ததாகச் சொல்லப்பட்டது. பின்னர் நடந்த சோதனைகளில் சில அதை ஆதரித்தன, சில பலனே இல்லை என்றன. இஞ்சி பெரும்பாலும் இரைப்பையில்தான் வேலை செய்கிறது, உட்செவிக்கும் மூளைக்கும் இடையிலான முரண்பாட்டில் அது தலையிடுவதில்லை என்று கொண்டால் இந்த ஏற்றத்தாழ்வு ஓரளவு புரியும். தூக்கம் தராது என்பதால், இறங்கியவுடன் வண்டி ஓட்ட வேண்டியவருக்கும் இலேசான குமட்டல் உள்ளவருக்கும் இது ஏற்றது. இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்கள் அதிக அளவில் எடுக்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மணிக்கட்டுப் பட்டைகளுக்கு நான் அதிக இடம் தரப்போவதில்லை. உள்மணிக்கட்டின் மடிப்பிலிருந்து மூன்று விரல் தள்ளியுள்ள புள்ளியை ஒரு குமிழ் அழுத்திக்கொண்டே இருக்கும் என்பதுதான் ஏற்பாடு. பயணக் குமட்டலில் இதன் பலன் பற்றிய சான்று தடுமாற்றமானது. நம்பிக்கையால் மட்டுமே குறையும் பங்கு இந்தத் தொல்லையில் கணிசமானது என்பதால், அணிபவர்கள் பொய் சொல்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. தீங்கில்லாதது, ஆனால் கடுமையான குமட்டல் உள்ளவர் இதை மட்டும் நம்பி ஏறக் கூடாது.

எல்லாம் கை நழுவி, உமிழ்நீர் ஊறத் தொடங்கிவிட்ட நிலையில் எஞ்சியிருப்பது மூச்சு. மெதுவாகவும் சீராகவும் மூச்சை இழுத்து, அதன் எண்ணிக்கையிலேயே கவனத்தை வைத்தால் குமட்டல் முற்றுவது தள்ளிப்போகிறது என்பது சோதனைகளில் தெரிந்துள்ளது. மருந்தளவுக்கு வலிமை இல்லை என்றாலும், உடனே வேலை செய்கிறது, பக்கவிளைவும் இல்லை. தலைக்கு மேலுள்ள காற்றுக் குமிழை முகத்துக்கு நேராகத் திருப்பிவிட்டு, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, தலையைச் சாய்மானத்தில் பதித்து, கண்ணை மூடிக்கொண்டு இதைச் செய்ய வேண்டும். பல நேரங்களில் தரையிறங்கும் வரையிலான அந்தக் கடைசி இருபது நிமிடத்தை இது கடத்திவிடும்.

வயிற்றைப் பற்றி ஒரு சொல். வெறும் வயிறு பாதுகாப்பு என்பது தவறான எண்ணம். எண்ணெய் குறைந்த சிற்றுணவை இரண்டு மணி நேரம் முன்னதாக உண்பதே நல்லது. பயணிகள் அறையின் காற்றழுத்தம் பொதுவாக 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்கு நிகராக வைக்கப்படுவதால், வயிற்றிலுள்ள வாயு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை விரிகிறது. வாயு நிரப்பிய பானம் குடித்தவர் இதை நன்றாக உணர்வார். மதுவைத் தவிர்க்க வேண்டும். மாத்திரை எடுத்தவர் தொடவே கூடாது.

நீண்ட காலத்தில் எல்லா மருந்தையும் வெல்வது பழக்கம். விமானப் படைகளில், குமட்டலால் பறக்க முடியாத பயிற்சியாளர்களைச் சுழலும் நாற்காலியில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுழற்றிப் பழக்குகிறார்கள். பெரும்பாலோர் மீண்டும் பறக்கச் செல்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை பறப்பவருக்கு இது கிட்டாது, ஏனெனில் பழக்கம் இடைவெளியில் கரைந்துவிடும்.

ஆகவே, அரிதாகப் பறக்கும் பெரியவருக்கு, வேறு நோய் இல்லையென்றால், இறக்கைக்கு முன்னுள்ள ஜன்னலோர இருக்கையையும் ஒரு மணி நேரம் முன்னதாக மெக்லிசினையும் பரிந்துரைப்பேன். நெடும்பயணத்துக்கு மருத்துவரைக் கேட்டு ஒட்டுப்பட்டை. இலேசான தொல்லைக்கு இஞ்சி. இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத்தான் இந்தத் தொல்லை மிகுதி என்பதால், அவர்களுக்கான மருந்தையும் அளவையும் குழந்தை மருத்துவரிடமே கேட்க வேண்டும். புதிய மாத்திரை எதுவாயினும், பயணம் இல்லாத ஒரு நாளில் வீட்டில் எடுத்துப் பார்த்து, எவ்வளவு தூக்கம் வருகிறது என்று அறிந்துகொள்வது நல்லது. உள்ளே பூச்சிட்ட வாந்திப் பையை 1949இல் கில்மோர் ஷெல்டால் என்பவர் விமான நிறுவனமொன்றுக்காக உருவாக்கினார். இருக்கைக்கு முன்னுள்ள உறையில் அது எப்போதும் இருக்கும் என்றுதான் எண்ணுகிறோம். முந்தைய பயணி பயன்படுத்திய பின் மாற்றப்படாமலும் இருந்திருக்கலாம். அமர்ந்தவுடன் கையை விட்டுப் பாருங்கள். இல்லையென்றால், விமானம் ஓடத் தொடங்கும் முன்பே பணியாளரிடம் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.