பரணில் ஒரு ஹீட்டட் வெஸ்ட்: அந்த நீல விளக்கை மட்டும் மறைத்துவிடுங்கள்

விலை 130 டாலர், வரி தனி. கையில்லாத மேலங்கி. உள்ளே சூடேறும் தகடுகள் நான்கு: நெஞ்சில் இரண்டு, முதுகில் ஒன்று, காலருக்குள் ஒன்று. இடுப்புப் பக்கப் பையில் 7.4 வோல்ட் பேட்டரி. பிராண்டு பெயரைப் போடவில்லை. இதே மாதிரி வெஸ்ட்டைப் பல பெயர்களில் விற்கிறார்கள், நான் சொல்லப்போகும் குறை வேறு பலவற்றிலும் இருக்கக்கூடும்.

காலையில் நாயை நடத்திப் போக இது அருமையான சாமான். நான் வாங்கியது அதற்கில்லை. தென்கிழக்கு ஒஹாயோவில், ஜனவரியில், மான் வேட்டைக்காக, மரத்தில் சாய்த்த ஏணிப் பரணில் மூன்றே முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார வாங்கினேன்.

நவம்பர் நடுவில் வெள்வால் மான்கள் இணை சேரும் பருவம் உச்சத்தில் இருக்கும்போது குளிர் பெரிதாகத் தெரியாது. கொம்பன் பட்டப்பகலில் பெண் மானைத் துரத்திக்கொண்டு நம் காலடியிலேயே ஓடும். ஜனவரியில் அதே கொம்பன் வேறு ஆள். துரத்தியும் சண்டை போட்டும் உடம்பில் ஐந்தில் ஒரு பங்கு, சிலவற்றுக்குக் கால் பங்குகூடக் கரைந்திருக்கும். இனி அதற்கு வயிறுதான் எல்லாம். பகல் முழுக்கத் தெற்கு பார்த்த சரிவில் வெயில் காய்ந்து படுத்திருக்கும். பொழுது சாயும்போது தீனிக்கு இறங்கும். அதுவும் பெண் மான்களையும் குட்டிகளையும் முன்னால் போகவிட்டு, கடைசியாக. ஆக, நமக்கு வேண்டியது அந்தக் கடைசி அரை மணி. அதுவரை உடம்பு நடுங்காமல் இருக்க வேண்டும்.

நிலத்துக்காரர் ஓடையோரமாக அரை ஏக்கர் சோயாவை அறுக்காமல் விட்டிருந்தார். எனக்கு எழுத்தில் அனுமதி உண்டு, இங்கே அது கட்டாயம். 2025 ஜனவரி 4 முதல் 7 வரை மஸில்லோடர் சீசன். நம் ஊர் நாட்டுத் துப்பாக்கி போலக் குழாய் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற துப்பாக்கிதான். சூரியன் ஐந்தேகாலுக்கு மறையும், அதற்குப் பிறகு அரை மணி வரை சுடலாம். இரண்டு மணிக்குப் பரணேறினால் ஐந்தே முக்கால் வரை உட்கார வேண்டும். வெஸ்ட்டுக்கு நான் வைத்த பரீட்சை இதுதான்.

சனிக்கிழமை செய்தது முழுக்க என் மடத்தனம். வண்டியை விட்டு இறங்கும்போதே ‘ஹை’யில் போட்டுவிட்டு அரை மைல் மேடேறினேன். பரணில் உட்காரும்போது பனியன் நனைந்திருந்தது. பெட்டியில் ‘ஹை’ 3 மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு 2 மணி 10 நிமிடம்தான் வந்தது. குளிரில் லித்தியம் பேட்டரி சோர்ந்து போவது தெரிந்த விஷயம்தான். ஆனால் பேட்டரிப் பை வெளிப்பக்கமாக, காற்றுப் படுகிற இடத்தில் தைத்திருக்கிறதே, அது வடிவமைப்புக் கோளாறு. நாலு மணிக்கெல்லாம் அணைந்துவிட்டது. வேர்வை ஆறி முதுகில் ஒட்டிக்கொள்ள, ஐந்து மணிக்குத் துப்பாக்கி முனை தானாக ஆடியது. அன்றைக்குக் கொம்பன் வராதது நல்லதாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை புத்தி வந்தது. உட்கார்ந்து மூச்சு சமனான பிறகு, ‘லோ’வில் மட்டும். காலர்த் தகட்டுக்கு மட்டுமே பாதி விலை கொடுக்கலாம். பிடரியில் யாரோ உள்ளங்கையை வைத்தது போல இருக்கிறது. விரலுக்கும் கொஞ்சம் பலன் தெரிகிறது. கால் விரலுக்கு எதுவும் இல்லை, பூட்ஸுக்குள் தனியாகச் சூட்டுப் பொட்டலம் வைத்துக்கொள்ள வேண்டும்.

நாலே முக்காலுக்கு ஐந்து மான்கள் சோயாவில் இறங்கின. முன்னால் வந்த கிழட்டுப் பெண் மான் காயை மென்றுகொண்டே நிமிர்ந்து, நேராக என் நெஞ்சைப் பார்த்தது. முன்காலால் தரையைத் தட்டியது. இன்னொரு தட்டு. அப்புறம் ஒரு சீற்றம், ஐந்து வால்களும் வெள்ளையாக எழும்பி மறைந்தன. குனிந்து பார்த்தேன். கோட்டின் ஜிப் நாலு விரல் இறங்கியிருந்தது. ஆரஞ்சு மேலாடையின் விளிம்புக்கு மேலே, பொட்டு அளவில் ஒரு நீல வெளிச்சம்.

இதில் நெஞ்சில் இருக்கும் சுவிட்சுப் பொத்தான் ‘ஹை’ என்றால் சிவப்பாக எரியும், ‘மீடியம்’ வெள்ளை, ‘லோ’ நீலம். மான் கண்ணுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் சரியாகப் பிடிபடாது. அதனால்தான் சட்டப்படி நாம் போட வேண்டிய ஆரஞ்சு நிறம் அதற்கு உறைப்பதில்லை. ஆனால் நீலம் நன்றாகத் தெரியும், அந்தி வெளிச்சத்தில் நம்மைவிட நன்றாக. நீண்ட நேரம் உட்காருபவன் போடுகிற அளவுக்கென்று பார்த்து நீலத்தைக் கொடுத்திருக்கிறார்கள்! அந்தப் பெண் மான் வெளிச்சத்தைத்தான் பார்த்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. காற்று வடமேற்கிலிருந்து வந்தது, என் வாடை அதன் பக்கம் போகவில்லை, நான் அசையவும் இல்லை. மற்றதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு இரவும் திங்களும் பனி, போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து பொத்தான் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று ஒட்டினேன். ஒயரை நீட்டி பேட்டரியை உள்சட்டைப் பைக்கு மாற்றினேன். இன்னொன்று: துணி நைலான், கை பட்டாலே சரசரக்கிறது. அதனால் வெஸ்ட்டுக்கு மேல் தடித்த கம்பளிக் கோட்டு. நடுவில் அளவைக் கூட்டிக் குறைக்க ஜிப்பைத் திறக்கவே கூடாது. பனி விழுந்த காட்டில் அந்தச் சத்தம் துணி கிழிகிற மாதிரி கேட்கும்.

செவ்வாய் மாலை தரை முழுக்க வெள்ளை, அதற்கு மேலே சோயாக் காய்கள் மட்டும் துருத்திக்கொண்டிருந்தன. அதே கிழவி மறுபடி வந்தது, நிமிர்ந்தது, பார்த்தது, மேயப் போய்விட்டது. ஐந்தரைக்கு ஓடைப் பக்கமிருந்து தனியாக ஒரு கொம்பன். கொம்பின் எட்டுக் கிளையில் ஒன்று பாதியில் முறிந்திருந்தது, இடுப்பெலும்பு தோலுக்கடியில் எழும்பித் தெரிந்தது. எழுபது கெஜம். சுட்டதும் புகை முன்னால் திரையாக நின்றது. அது விலகும்போது சோயா ஓரத்தில் கிடந்தது. ‘லோ’வில் மூன்றரை மணி நேரத்துக்குப் பிறகும் பேட்டரி ஓடிக்கொண்டிருந்தது.

சுட்ட மானை வனவிலங்குத் துறையிடம் போனிலேயே பதிந்துவிட்டு, கோட்டைக் கழற்றி வெஸ்ட்டோடு குனிந்து குடலெடுத்தேன். நெஞ்சுப் பக்கம் முழுக்க ரத்தம். வீட்டுக்கு வந்ததும் பேட்டரியைக் கழற்றி, டேப்பை உரித்து, வலைப் பையில் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் துவைத்தேன். ரத்தக் கறை ஒரே துவையலில் போய்விட்டது. டேப்பின் பசை இன்னும் போகவில்லை.